காலட்ரியல் கொடுத்த மண்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களை வரிசையாகப் போட்டார்கள். இரண்டாவது படம் முடிவதற்குள் என் மகளுக்கும் என் தம்பிக்கும் பெரிய வாக்குவாதம் வந்துவிட்டது. மகள் டோல்கீனின் நூலைப் பள்ளி நாட்களிலிருந்தே பலமுறை படித்தவள். காட்டில் பாடித் திரியும் டாம் பாம்படிலைப் படத்தில் காணவே காணோம், ஃபாரமிர் என்ற வீரனைக் கெடுத்துவிட்டார்கள், வீரர்கள் தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்பும்போது அது பாழாகிக் கிடக்கும் அத்தியாயத்தை அடியோடு வெட்டிவிட்டார்கள் என்று அடுக்கினாள். தம்பி நூலைத் தொட்டதில்லை. படங்களைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்தவன். ஒரு குன்றை வருணிக்க இரண்டு பக்கம் எடுத்துக்கொள்ளும் புத்தகத்தை யார் படிப்பார்கள், படம் வந்த பிறகுதானே கதையே உலகத்துக்குத் தெரிந்தது என்பது அவன் கட்சி. படிக்காதவர்கள் ரசிகர்களே இல்லை என்று மகள் சொல்லிவிட்டாள். அவன் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். இன்னும் இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

நூலுக்கு உண்மையாக இருப்பது என்றால் என்ன? எதை வெட்டலாம், எதை மாற்றலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டா? அறுபத்தெட்டு வயதில் நான் அந்த நூலைத் தொடங்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் இருவர் பேசிக்கொள்ளாமல் இருப்பதற்கு அந்தக் கதையில் எல்லோரையும் மயக்கும், அழிக்கப்பட வேண்டிய மந்திர மோதிரமே காரணம் என்றால், அதன் வேலை இன்னும் ஓயவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ரசிகர் யார் என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் மூன்று படங்களைப் பத்துத் தடவை பார்ப்பவருக்கு அவற்றின் மேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் படம் வந்த பிறகுதான் கதை தெரிந்தது என்று உங்கள் தம்பி சொன்னது சரியில்லை. 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்த அந்த நூல், 1965-இல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்புகள் வெளிவந்ததும் கல்லூரி மாணவர்களிடையே காட்டுத்தீயாகப் பரவியது. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் எடுத்த இந்த வரிசையின் முதல் படம் 2001-இல் திரைக்கு வந்தபோது நூலுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

டோல்கீன் 1892 ஜனவரி 3 அன்று நம் தென்னாப்பிரிக்காவில், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டின் ப்ளூம்ஃபொன்டெயினில் பிறந்தவர் என்பதைத் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள், சமாதானத்துக்கு உதவலாம். மூன்று வயதில் தாயோடு இங்கிலாந்து போனவர் பிறகு திரும்பவில்லை. அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டில்தான் அந்த மாநிலத்தில் ஆசியர்கள் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது, 1980கள் வரை அது நீங்கவில்லை என்பதால், ‘நம் ஊர்க்காரர்’ என்று அவரைக் கொண்டாட எனக்குக் கொஞ்சம் நா கூசுகிறது. அது வேறு கதை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. தம் நூலைப் படமாக்குவதைப் பற்றி டோல்கீன் என்ன நினைத்தார் என்பது ஊகத்துக்கு உரிய விஷயமன்று. 1950களின் இறுதியில் அமெரிக்கர் ஒருவர் எழுதிய திரைக்கதைச் சுருக்கம் அவரிடம் வந்தது. அதைப் படித்துவிட்டு அவர் எழுதிய கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை விட்டுவிடுவதில் அவருக்கு வருத்தமில்லை. எல்லாவற்றையும் சிறிய இடத்துக்குள் திணித்து, கதையின் உச்சங்களை மழுங்கடிப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நடக்கும் மரங்களாகிய எண்டுகளுக்கும் ஹார்ன்பர்க் கோட்டைப் போருக்கும் சேர்த்துப் போதிய இடம் கிடைக்காவிட்டால், போரையே எடுத்துவிடலாம், முதன்மைக் கதைக்கு அது இன்றியமையாதது இல்லை என்றும் எழுதினார். ஜாக்சனின் இரண்டாவது படத்துக்கு மகுடமே அந்த மழையிரவுப் போர்தான். தம்பிக்கு மிகவும் பிடித்த காட்சியும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே, நூலுக்கு உண்மை என்ற பெயரில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கணக்குக் கேட்பவர்கள், நூலாசிரியரே அப்படிக் கேட்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். எதிர்த்திசையில் போய்ப் பார்த்தாலும் இதுவே தெரியும். 1937-இல் வந்த ‘ஹாபிட்’ முந்நூறு பக்க அளவிலான சிறிய நூல். அதை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக, ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்கு இழுத்தார்கள். நூலில் இருந்தது பெரும்பாலும் உள்ளே வந்தது, இல்லாததும் வந்தது. உங்கள் மகளுக்கு அது பிடித்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

என் அளவுகோல் ஒன்றுதான். ஒன்றை எடுத்துவிடும்போது, அதோடு எந்த இழை அறுகிறது, அறுந்த இடத்தில் வேறு இழை முடியப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன்.

டாம் பாம்படிலை எடுத்துக்கொள்ளுங்கள். மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டாம் முறை படித்தபோதே அவருடைய பாட்டுகளைத் தாண்டித்தான் போனேன். இருந்தாலும் அவரோடு ஒரு கத்தியும் போய்விடுகிறது. பழைய சமாதி மேட்டிலிருந்து அவர் எடுத்துக் கொடுக்கும் கத்தி, இருளரசனின் ஏவலர்களான நாஸ்கூல்களின் தலைவனுடைய நாட்டை எதிர்த்துப் போரிட்டவர்கள் அவனை மனத்தில் வைத்தே அடித்தது. பல நூறு பக்கம் கதை நடந்தபின், ஷயர்க்காரர்களில் ஒருவனான மெரி அவனை முழங்காலுக்குப் பின்னால் குத்தி வீழ்த்துவது அதைக் கொண்டுதான். படத்தில் அரகார்ன் நாலு கத்திகளை எடுத்துப் போடுகிறார், அவ்வளவே. இழை அறுந்தது, ஆனால் மெல்லிய இழை. எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை.

ஃபாரமிர் விஷயத்தில் நான் உங்கள் மகளிடமிருந்து விலகி நிற்கிறேன். நூலில் அவன், அந்தப் பொருள் பெருவழியில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறான். படத்தில், மோதிரத்தைச் சுமந்து போகும் ஃப்ரோடோவைப் பிடித்து, மோதிரத்தோடு தந்தையிடம் அனுப்பப் புறப்பட்டு, ஓஸ்கிலியாத் என்ற பாழடைந்த நகரம் வரை இழுத்துப் போய், பிறகே மனம் மாறி விடுகிறான். இரண்டு படமாக எல்லோரையும் ஆட்டிவைக்கும் மோதிரத்தை ஒருவன் சலனமே இல்லாமல் ஒதுக்கினால், அதன் மேலுள்ள அச்சம் பார்வையாளருக்குக் கரைந்துவிடும் என்பது படமாக்கியவர்களின் நியாயம். அந்த நியாயம் மட்டும் இருந்திருந்தால் நானும் உங்கள் மகளோடு சேர்ந்திருப்பேன். ஆனால் அவர்கள் அந்த மாற்றத்தை அங்கேயே விட்டுவிடவில்லை. தந்தையின் பார்வையில் அண்ணனுக்கு ஒருநாளும் ஈடாகாத மகன், ஒரு தடவையாவது ஈடாகிவிட ஆசைப்பட்டு, அந்த ஆசையையும் தன் கையாலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான். மூன்றாம் படத்தில் அந்தத் தந்தை டெனதோர் தக்காளியைக் கடித்துக்கொண்டே அவனைச் சாவுக்கு அனுப்பும்போது நெஞ்சு பதறுவதற்கு அந்த ஓஸ்கிலியாத் பயணமும் ஒரு காரணம். அறுத்த இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

கம்பர் செய்ததும் இதைத்தான். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பர் அதற்கு இசையாமல், பர்ணசாலை இருந்த நிலத்தையே பெயர்த்தெடுக்க வைத்தார். அத்தோடு நிற்காமல், அவளைத் தொடாததற்கான சாபக் காரணத்தையும் கதைக்குள் பொருத்தினார். வான்மீகியை மாற்றிவிட்டார் என்று அவர் மீது நாம் வழக்குப் போடுவதில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்ட தெருக்கூத்தில் விடியவிடிய பாரதத்தின் ஒரு துண்டை மட்டும் ஆடுவார்கள். மீதி எங்கே என்று யாரும் கேட்டதில்லை. ஏனென்றால் மீதி, எதிரே சாக்கில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளுக்குத் தெரியும். திரைப்படத்துக்கு அப்படிப்பட்ட சபை வாய்ப்பதில்லை. உங்கள் தம்பியைப் போன்ற பலருக்கு அந்தப் படம்தான் கதை. அங்கே வெட்டப்பட்டது அவர்களைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

அதனால்தான் மகளின் மூன்றாவது புகாரில் நான் முழுக்க அவள் பக்கம் சேர்கிறேன். எல்லோரும் பேசுவது ஷயர் அத்தியாயத்தைப் பற்றி. எனக்கு வலிப்பது அதோடு காணாமல் போன ஒரு பெட்டி. லோரியன் காட்டிலிருந்து புறப்படும்போது, அங்குள்ள எல்ஃப் மக்களின் தலைவி காலட்ரியல் ஒவ்வொருவருக்கும் பரிசு கொடுக்கிறாள். ஃப்ரோடோவின் தோட்டக்காரனும் துணைவனுமான சாமுக்குக் கொடுப்பது, மூடியில் ஒற்றை வெள்ளி எழுத்தைத் தவிர வேறு வேலைப்பாடே இல்லாத ஒரு சாம்பல் நிற மரப்பெட்டி. அதில் அவளுடைய தோப்பு மண்ணும் ஒரு விதையும் இருக்கின்றன. ஊர் பாழாகிக் கிடக்கக் கண்டாலும் இதைத் தூவினால் உன் தோட்டம் பூக்கும் என்கிறாள். திரும்பிப் போகும்போது என்ன காத்திருக்கிறது என்பது அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது. சாம் அதைச் சுமந்தபடியே, மோதிரத்தை அழிக்க வேண்டிய எரிமலை வரை போய் வருகிறான். ஊருக்குள் நுழைந்தால் சாலையோர மரங்களைக் காணோம், பழைய வீடுகளை இடித்துவிட்டு அழகில்லாத செங்கல் வீடுகளை வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள், விருந்து நடந்த மைதானத்து மரம் வெட்டுண்டு கிடக்கிறது. சாம் வாய்விட்டு அழுகிறான். பிறகு நட்ட ஒவ்வொரு கன்றுக்கும் அந்த மண்ணில் ஒரு துளியாக வைக்கிறான். படத்தின் நீண்ட பதிப்பில் காலட்ரியல் அவனுக்கு ஒரு கயிறு கொடுக்கிறாள். பாழாகாத ஊருக்கு மண் எதற்கு?

இதை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பீர்கள். நீங்கள் சாட்ஸ்வொர்த்காரர், கேட்காமலும் இருக்கலாம். மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிகள் சட்டம் 1950-இல் வந்தது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து எங்கள் குடும்பம் வெளியேற்றப்பட்டபோது நான் கைக்குழந்தை. ஒன்பது வயதில், புனித வெள்ளியன்று திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி முடிந்ததும், ஆயா (என் பாட்டி) என் கையைப் பிடித்துக்கொண்டு பழைய வீட்டைக் காட்டப் போனார். வீடு இல்லை. மூன்று சிமெண்டுப் படிகள் புல்லுக்குள் ஏறி, எதற்கும் போகாமல் நின்றன. பின்புறத்தில் அவர் வைத்த அவகாடோ மரம் மட்டும் காய்த்துக் குலுங்கியது. ஆயா அழவில்லை. முந்தானையை விரித்து எட்டுக் காய்களைப் பறித்துக்கொண்டார். பிறகு குந்தி உட்கார்ந்து, கறிவேப்பிலைப் புதரின் வேர்க்கன்று ஒன்றை மண்ணோடு பெயர்த்து, கோயிலுக்குப் பால் கொண்டுபோன டின்னில் வைத்தார். ஒரே அச்சில் வார்த்த வீட்டு வரிசையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அது இன்றும் நிற்கிறது. பல ஆண்டு கழித்துச் சாமின் பெட்டியைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

அதற்காக டோல்கீன் நம்மைப் பற்றி எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே ஒளித்துவைத்த பொருளோடு எழுதும் உருவகக் கதை தமக்குப் பிடிக்காது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே சொல்லிவிட்டார். ஷயர் அத்தியாயத்துக்கு ஏதேனும் அடிப்படை இருந்தால், தமக்குப் பத்து வயது ஆவதற்குள் தாம் வாழ்ந்த கிராமப்புறம் அழிந்ததைக் கண்டதுதான் என்றும் குறிப்பிடுகிறார். வாசகர் தம் வாழ்வோடு பொருத்திக்கொள்வதை அவர் தடுக்கவில்லை, நான் பொருத்திக்கொண்டேன்.

ஜாக்சனுக்கும் ஒரு நியாயம் உண்டு. மோதிரம் அழிந்தபின் இன்னொரு சண்டையைப் பார்க்கத் திரையரங்கில் யாருக்கும் பொறுமை இருக்காது. இருக்கும் முடிவுகளே அதிகம் என்று அந்த மூன்றாம் படத்தைக் கேலி செய்கிறார்கள். அவர் அந்த இடத்தில் வைத்த காட்சியும் லேசானதன்று. ஊர் திரும்பிய நால்வரும் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் உள்ளவர்கள் யாரோ விளைவித்த ஒரு பெரிய பூசணிக்காயைச் சுற்றி நின்று வியக்கிறார்கள். இவர்களை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேசாமல் குவளையை உயர்த்துகிறார்கள். ஊர் மாறவில்லை, போனவர்கள் மாறிவிட்டார்கள். 1916-இல் சோம் போர்க்களத்திலிருந்து நோயோடு திரும்பிய டோல்கீனுக்கு அந்த மௌனம் புரிந்திருக்கும். முடிச்சுப் போட முயன்றிருக்கிறார். ஆனால் இது வேறு துணி. ஊரே காயப்பட்டிருக்கும்போது திரும்பி வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி படத்தில் எழவே இல்லை.

நீங்கள் நூலைத் தாராளமாகத் தொடங்கலாம். முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் நகரும். பாட்டுகளைத் தாண்டிப் போனால் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். தம்பிக்கு முழு நூலையும் கொடுக்காதீர்கள். மூன்றாம் தொகுதியில், ஆறாம் புத்தகத்தின் எட்டாம் அத்தியாயத்தை மட்டும் மகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பத்துத் தடவை படம் பார்த்தவருக்கு முன்கதை சொல்லத் தேவையில்லை. முடித்ததும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
டர்பனிலிருந்து