தனியார் நிலத்தின் வழியே நடக்கப் பொது உரிமை உண்டா?

பெங்களூரிலிருந்து வார இறுதியில் மலையேறப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது: தனியார் தோட்டத்தின் ஊடே நடக்க நமக்கு உரிமை உண்டா?

பொது வழியுரிமை என்றால், நிலம் ஒருவருடையதாகவே இருக்க, குறிப்பிட்ட தடத்தில் மட்டும் எவரும் நடந்து கடக்கலாம் என்பது. ஒருவர் நிலத்துக் கிணற்றில் ஊரே தண்ணீர் இறைக்கிற மாதிரி: கிணறு அவருடையது, இறைக்கும் பாத்தியதை ஊருக்கு. சந்தைக்கும் கோயிலுக்கும் போன தடங்கள் பல, இன்றைய வேலிகளைவிடப் பழையவை. அதனால்தான் இந்தப் பாதுகாப்பு.

இங்கிலாந்தில் இதற்கு அரசுப் பணமும் உண்டு. பாதையின் தரையைப் பராமரிப்பது பெரும்பாலும் உள்ளாட்சி. வேலி தாண்டும் படியும் கேட்டும் நிலக்காரர் பொறுப்பு. நியாயமான செலவில் குறைந்தது கால் பங்கை 1980 நெடுஞ்சாலைச் சட்டப்படி அவர் கேட்டுப் பெறலாம். மிகச் சரியான ஏற்பாடு இது. முழுச் செலவும் விவசாயி தலையில் விழுந்தால் பாதையில் முள்தான் மண்டும்.

கர்நாடகத்தில் முதலில் பார்க்க வேண்டியது கிராம வரைபடம். வருவாய்த் துறை இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம்: ஒற்றைப் புள்ளிக்கோடு காலடிப் பாதை, இரட்டைப் புள்ளிக்கோடு வண்டிப்பாதை. பிறகு கர்நாடக அரசின் நில வரைபடச் செயலியான திஷாங்க்கில், நிற்கும் இடத்தின் சர்வே எண்ணை ஒப்பிடுங்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். வேலியோரத்தில் அதை நம்பி வாதாடாதீர்கள். வரைபடத்தில் கோடே இல்லையா, தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு நடங்கள்.

20 வருஷம் நடந்தால் யாருக்கும் உரிமை வந்துவிடும் என்பது தவறு: 1882 வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் நிலத்தை வழி போன்ற தேவைக்குப் பயன்படுத்தும் உரிமை பற்றியது) அதைத் தருவது, தன் நிலத்துக்குப் போக அந்த வழியை அனுமதி கேட்காமல், தடையின்றிப் பயன்படுத்திய பக்கத்து நிலக்காரருக்கு, மலையேற வருபவருக்கு அல்ல.