ஆத்தூருக்கும் கடல் உண்டு

கேள்வி: கழிமுகங்களில் அலையாத்திக் காடுகளை அழித்து வீட்டுமனை போடுவதைக் கண்டித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கடலே இல்லாத சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை?
– வாசகர், ஆத்தூர்

பதில்: ஆத்தூரில் இருந்துகொண்டா கடல் இல்லை என்கிறீர்கள்? உங்கள் ஊர் வழியே ஓடும் வசிஷ்ட நதி தலைவாசலைத் தாண்டிப் போய் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. அதற்குத் தெற்கே, கொள்ளிடத்துக்கு வடக்கே இருப்பது பிச்சாவரம் அலையாத்திக் காடு. மேட்டூரில் திறந்துவிடும் உபரி நீரும் கொள்ளிடம் வழியாக அந்தப் பக்கம்தான் போகிறது. அந்தக் காட்டுக்கு இரு புறமும் போகும் தண்ணீர் நம் மாவட்டத்தைத் தாண்டித்தான் போகிறது ஐயா.

அலையாத்திக்கு உப்பு நீர் மட்டும் போதாது. ஆற்று நீரும் வண்டலும் வந்து சேர வேண்டும். மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, சேற்றில் விழுந்து ஊன்றும் சுரபுன்னை விதையைப் பார்த்திருக்கிறீர்களா? நன்னீர் குறையக் குறைய அந்த மரம் பின்வாங்கி, இலையில் உப்பு பூக்கும் வெண்கண்டல்தான் மிஞ்சுகிறது.

வசிஷ்ட நதியில் நாம் அனுப்புவது என்ன? சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும். பல காலமாக எழுதுகிறேன், இனியும் எழுதுவேன். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் கறுத்துப்போவதை எழுதியபோதும், ‘உங்களுக்கு வேறு வேலை இல்லையா’ என்றுதான் கடிதம் வந்தது.

மனைக்கு வருகிறேன். அலையாத்திக் காட்டுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் உச்சப் பாதுகாப்பு உண்டு. அரசு நிலத்தில் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றிலும் 50 மீட்டர் விட வேண்டும். வெட்டினால் வழக்கு வரும் என்று ஓடையின் வாயை மண் போட்டு அடைக்கிறார்கள். அலை ஏறி இறங்காமல் மரம் நின்ற இடத்திலேயே பட்டுப்போகிறது. அப்புறம் ‘இங்கே காடே இல்லை’ என்று கிராவல் கொட்டிக் கல் நடுகிறார்கள். 2004 ஆழிப்பேரலையில் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின, மறைப்பில்லாத எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் ஊர் சிதைந்தது. விற்றவர் அந்த மனையில் குடியிருக்கப் போவதில்லை. ஆயுள் சேமிப்பைக் கொட்டி வாங்குகிறவர்தான் இருக்கப் போகிறார்.

ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலைத் தூர்த்து மனை போடுவதும் இதே வேலைதான். உங்கள் பக்கம் புது மனைப்பிரிவு வந்தால், புல எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டைக் கேளுங்கள். ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள். ஆற்றில் கழிவு விடும் குழாயின் படத்தையும் சேர்த்து அனுப்பினால், இரண்டையும் அடுத்த இதழிலேயே போடுகிறேன்.