சாமி இல்லை என்பதும் ஒரு மதமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அம்மன் கோவில் கொடைக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, ஊரார் போட்ட வரியைக் கொடுக்க மறுத்த ஒரு வாசகரின் கடிதம் வந்திருந்தது. 'நான் நாத்திகன், எனக்கு எதுக்கு வரி' என்று கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலர் வரியை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்கள்: நாத்திகமும் ஒரு மதம்தானே! சரி, இந்த முறை அதையே பேசிவிடலாம்.

கேள்வி: அண்ணாச்சி, கடவுள் உண்டு என்பது நம்பிக்கை என்றால் இல்லை என்பதும் நம்பிக்கைதான். இரண்டையும் நிரூபிக்க முடியாது. அப்புறம் நாத்திகமும் மதம் என்று ஒத்துக்கொள்வதில் என்ன தயக்கம்?
– அம்பாசமுத்திரம் வாசகர்

ஒரு பேச்சுக்கு, அது நம்பிக்கைதான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நம்பிக்கை இருந்தால் மட்டும் மதம் ஆகிவிடுமா?

நம்ம ஊர்ப் பங்குனி உத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் மும்பையிலும் பிழைக்கப் போனவர்கள்கூட அன்றைக்கு ஊர் வந்து, ஆற்றங்கரையிலோ குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளோ இருக்கிற தங்கள் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போய்ப் பொங்கல் வைக்கிறார்கள். அவர்களை நிறுத்தி, உலகத்தைப் படைத்தவர் ஒருவர் உண்டா, அவருக்கு உருவம் உண்டா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், சிலருக்குப் பதிலே இருக்காது, ஆனால் எந்த சாஸ்தா தங்கள் சாஸ்தா என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. பிள்ளைக்கு முதல் முடி எங்கே எடுப்பது, கல்யாணத்துக்கு முன்னால் யாருக்குப் படைப்பது, செத்தால் புதைப்பதா எரிப்பதா, பதினாறாம் நாள் என்ன செய்வது, யாரோடு சம்பந்தம் வைக்கலாம் என்று பிறந்ததிலிருந்து சாகிறவரை எல்லாவற்றையும் மதம் முடிவு செய்கிறது. மேலப்பாளையத்தில் நோன்பு மாதத்திலும், பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் ராத்திரியிலும் நீங்கள் பார்ப்பது வேறு வழிபாடு, ஆனால் மனிதனை ஒரு கூட்டத்தோடு சேர்த்துக் கட்டுகிற வேலை ஒன்றுதான்.

கடவுள் இல்லை என்ற ஒற்றை வாக்கியத்தால் இதில் எதையாவது சொல்ல முடியுமா? பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட அது சொல்லாது. ஒரே தெருவில் இருக்கிற இரண்டு நாத்திகர்களில் ஒருவர் கம்யூனிஸ்ட்டாக இருப்பார், இன்னொருவர் பங்குச் சந்தையில் பணம் போடுகிறவராக இருப்பார், ஒருவர் சாதி மறுத்துக் கல்யாணம் செய்திருப்பார், மற்றவர் மகனுக்குச் சொந்தச் சாதியிலேயே பெண் தேடிக்கொண்டிருப்பார். அந்த ஒரு மறுப்பைத் தவிர அவர்களுக்குள் பொதுவாக எதுவும் இருந்தாக வேண்டியதில்லை.

அதே சமயம், கடவுள் இல்லாததால்தான் அது மதம் இல்லை என்று சில நாத்திக நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள், அதுவும் சரியில்லை. படைத்தவன் என்று ஒருவன் இல்லாத மதம் உண்டு. நம் பழைய திருநெல்வேலிச் சீமையில் இருந்த கழுகுமலைக்குப் போய்ப் பாருங்கள், பாறை முழுக்க சமணர்களின் தீர்த்தங்கரர் சிற்பங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆனவை. உலகத்தைப் படைத்த கடவுள் என்ற எண்ணத்தையே சமணம் ஏற்கவில்லை. ஆனால் குரவர்கள் இருந்தார்கள், குரத்தியர் என்று பெண் ஆசிரியர்கள் இருந்தார்கள், அவர்கள் பெயர்களை அங்கே உள்ள கல்வெட்டுகளில் இன்றும் படிக்கலாம். விரதம் இருந்தது, துறவு இருந்தது, உண்ணாமல் உயிர் விடுகிற முறையும் இருந்தது. 1954-ல் சிரூர் மடம் வழக்கில், அதாவது அன்றைய சென்னை மாகாணத்து அறநிலையத் துறைக்கு எதிராக ஒரு மடாதிபதி போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. மதம் என்றால் கடவுள் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, பௌத்தமும் சமணமும் நம் நாட்டிலேயே இருக்கின்றன, மதத்துக்கு அடிப்படை ஒரு கொள்கைத் தொகுப்பு, அதோடு சடங்கும் வழிபாட்டு முறையும் உணவு உடை வழக்கங்களும்கூட மதத்தின் பகுதியாக வரலாம் என்றார்கள். எனக்கு இந்த அளவுகோல் பொருத்தமாகப் படுகிறது. இதை வைத்துப் பார்த்தால் சமணம் மதம். நாத்திகத்தில் அந்தத் தொகுப்பும் இல்லை, வழக்கமும் இல்லை.

நிரூபிக்க முடியாது என்ற விஷயத்துக்கு வருகிறேன். நான் அறிந்த நாத்திகர்களில் பெரும்பாலோர் கடவுள் இல்லை என்பதற்கு அத்தாட்சி வைத்திருப்பதாகச் சொல்வதில்லை, நீங்கள் காட்டுகிற காரணங்கள் எங்களுக்குப் போதவில்லை என்கிறார்கள். அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால் காரணம் காட்டவேண்டியது அவர்கள் கடமை, அவர்களிடம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் காரணம் கேட்டு வாதாடக்கூடிய ஒரு கருத்தை 'நீயும் ஒரு மதம்தான் போ' என்று மூடிவிடுவது வாதத்திலிருந்து தப்பிக்கிற வழி. இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், இப்படிச் சொல்கிற பக்தர் 'மதம்' என்பதை ஒரு வசவு போல ஆக்கிவிடுகிறார். தன் மதத்தையும் சேர்த்துத்தான்.

கேள்வி: சைவ சித்தாந்தம் கடவுளை மறுத்த உலகாயதத்தையும் சமயங்களின் வரிசையில்தானே வைத்திருக்கிறது? நம் முன்னோர் ஏற்றுக்கொண்டதை நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?
– திருநெல்வேலி டவுனிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

ஐயா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். புறப்புறச் சமயம், அதாவது சைவத்துக்கு மிகவும் வெளியே நிற்பவை, ஆறு என்று சொல்லும்போது உலகாயதம், பௌத்தத்தின் நான்கு பிரிவுகள், ஆருகதம் என்கிற சமணம் என்றுதான் வரிசை. அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை மறுக்கிற பரபக்கம் என்ற பகுதி உலகாயதன் கொள்கையை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அதற்கும் முன்னாலேயே மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறபோது அந்தக் கூட்டத்தில் ஒரு பூதவாதியும் இருக்கிறான், உணர்வு என்பது நிலம், நீர் போன்ற பூதங்களின் சேர்க்கையில் பிறப்பது என்று அவன் தன் கட்சியைச் சொல்கிறான்.

எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். அவனை யாரும் அடித்து விரட்டவில்லை. அருணந்தி சிவாச்சாரியாரும் உலகாயதன் என்ன சொல்கிறான் என்பதை முதலில் அவன் பக்கத்திலிருந்து எழுதிவிட்டு அப்புறம்தான் மறுக்கிறார். இன்றைக்கு நாம் நடத்துகிற சண்டையில் அந்த மரியாதை இரண்டு பக்கமும் இல்லை. ஆனால் அந்த வரிசை வாத மேடைக்கு வந்தவர்களின் வரிசை, ஐயா. கோவிலோ மடமோ தீட்சையோ வைத்திருந்தவர்களை மட்டும் கணக்கெடுத்த வரிசை இல்லை. உலகாயதருக்குக் கோவில் இருந்ததாக அந்த நூல்கள் சொல்வதும் இல்லை. உலகத்தைப் பற்றிய ஒரு முழுப் பார்வை என்ற அளவில் உலகாயதத்துக்கு அங்கே இடம் கொடுத்தார்கள், அது நியாயம்தான்.

கேள்வி: பெரியார் சிலைக்கு மாலை, கறுப்புச் சட்டை, பிறந்தநாள் விழா, உறுதிமொழி. இதெல்லாம் மதம் இல்லாமல் வேறு என்ன?
– சேரன்மகாதேவி வாசகர்

நாத்திக இயக்கங்கள் மதத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டது உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. பிரெஞ்சுப் புரட்சியில் 1793-ல் பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்துக்குள்ளேயே பகுத்தறிவுக்கு விழா எடுத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் ஒகுஸ்த் கோம்த் என்ற தத்துவவாதி மனிதகுலத்தையே வழிபடுகிற ஒரு மதத்தை, நாள்காட்டி முதற்கொண்டு திட்டம் போட்டு உருவாக்கினார். 2013-ல் லண்டனில் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பாட்டும் பேச்சுமாக ஒரு கடவுளில்லா சபை தொடங்கியது. இவற்றை மதம் போன்றவை என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். சோவியத் நாட்டில் 1925-ல் தொடங்கிய போர்க்குண நாத்திகர் சங்கமும், 1967-ல் நாடு முழுக்கத் தேவாலயங்களையும் மசூதிகளையும் மூடிய அல்பேனியாவும் வேறு வகை. அது அரசாங்கத்தின் பலாத்காரம், அதற்கு எந்த நியாயமும் கிடையாது.

மாலை விஷயம் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. வ.உ.சி. சிலைக்கும்தான் மாலை போடுகிறோம், அவர் வரம் கொடுப்பார் என்று யாரும் நினைப்பதில்லை. நான் பார்ப்பது வேறு. அந்த இயக்கத்துக்குள் ஒருவர் எழுந்து பெரியார் சொன்ன இந்த விஷயம் தவறு என்று பேசினால் அவரைக் கூட இருப்பவர்கள் உட்காரவைத்துப் பதில் சொல்கிறார்களா, துரோகி என்கிறார்களா? தன் பேச்சையும் அப்படியே நம்பாதே, உன் புத்தியால் யோசித்துப் பார் என்று மேடைக்கு மேடை சொன்னவர் அவர். துரோகி என்கிற இடத்தில் உங்கள் குற்றச்சாட்டு நிற்கும், அந்த அமைப்பின் மேல். அமைப்பே இல்லாமல் தனியாக யோசித்து முடிவுக்கு வந்தவர் மேல் அதைப் போடமுடியாது.

கேள்வி: அமெரிக்க நீதிமன்றமே நாத்திகத்தை மதம் என்று சொல்லிவிட்டதாகப் படித்தேன் அண்ணாச்சி. இங்கேயும் மதமாக அறிவித்துவிட்டால் நாத்திகர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்குமே?
– பாளையங்கோட்டை கல்லூரி மாணவி

நீங்கள் படித்தது 2005-ல் வந்த தீர்ப்பாக இருக்கும், தங்கச்சி. விஸ்கான்சின் மாநிலச் சிறையில் இருந்த ஒரு கைதி நாத்திகர் படிப்பு வட்டம் நடத்த அனுமதி கேட்டார், சிறை நிர்வாகம் மறுத்தது. அதை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர்கள் அரசியல் சாசனம் மதத்துக்குக் கொடுக்கிற பாதுகாப்பைப் பொறுத்தவரை நாத்திகத்தையும் மதத்துக்குச் சமமாக நடத்தவேண்டும் என்றது. பக்தருக்குக் கிடைப்பது இவருக்கும் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்கு முன்பே 1961-ல், மேரிலாந்தில் நோட்டரி வேலைக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு என்று அறிவிக்கச் சொன்னதை அங்கே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றிருக்கிறது.

நமக்கு அந்தச் சுற்றுவழி வேண்டியதில்லை. நம் அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மதத்தைச் சொல்வதற்கு முன்னால் மனச்சான்றின் சுதந்திரத்தைச் சொல்கிறது. எம்.எல்.ஏ. பதவி ஏற்கும்போது கடவுள் பெயரால் ஆணையிடலாம், இல்லாவிட்டால் உளமார உறுதி கூறலாம், இரண்டும் ஒன்றுதான். நீதிமன்றச் சாட்சிக்கும் 1969-ம் வருஷச் சட்டத்தில் அதே வசதி உண்டு. இது சும்மா வந்துவிடவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா 1880-ல் நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்தும், நாத்திகர் என்பதால் 1886 வரை தன் இடத்தில் முறையாக உட்காரமுடியவில்லை, உறுதிமொழிச் சட்டம் 1888-ல்தான் வந்தது. அதே 1880-களில் சென்னையில் சிலர் கூடித் 'தத்துவவிவேசினி' என்று தமிழில் ஒரு நாத்திகப் பத்திரிகை நடத்தினார்கள், அவர்களுக்கு ஊக்கம் பிராட்லாவிடமிருந்து வந்ததுதான்.

நடைமுறையில்தான் சிக்கல். பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் இல்லை என்று போடலாம் என்று 1973-லேயே தமிழக அரசு ஆணை இருக்கிறது, ஆனால் சேர்க்கை நடக்கிற அன்றைக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பாருங்கள், எத்தனை கேள்வி வருகிறது என்று தெரியும். திருப்பத்தூரைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கறிஞர் சாதியும் மதமும் அற்றவர் என்ற சான்றிதழைப் பல வருஷம் அலைந்து 2019-ல்தான் வாங்கினார். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மதம் சொல்லாதவர்கள் 0.24 சதவீதம், சுமார் 28.7 லட்சம் பேர். அவர்களில் யார் நாத்திகர், யார் சொல்ல விரும்பாதவர் என்பது அந்த ஒற்றை எண்ணில் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐயரும் மந்திரமும் இல்லாமல் நடக்கிற சுயமரியாதைத் திருமணத்தை அண்ணா ஆட்சி 1967-ல் சட்டமாக்கியது. எந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள்? இந்து திருமணச் சட்டத்தில், 7-ஏ பிரிவாக. இந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர் கடவுளை மறுத்தாலும் சட்டத்தின் கண்ணில் இந்துதான். ஆக, நாத்திகத்தை மதமாக அறிவித்தால் இவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். தனித் திருமணச் சட்டம், தனி வாரிசுச் சட்டம், அதற்கு ஒரு தலைமை, யார் உண்மையான நாத்திகர் என்று சான்றிதழ் கொடுக்க ஒரு சங்கம். எனக்கு அது வேண்டாம். சமமாக நடத்தினால் போதும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் தர்ப்பணம் கொடுக்க மகன் வரமாட்டேன் என்கிறான். வேறு மதத்துக்குப் போய்விட்டான் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். மனசு ஆறவில்லை.
– களக்காட்டிலிருந்து ஒரு தாய்

அம்மா, உங்கள் மகன் எந்த மதத்துக்கும் போகவில்லை, சொந்தக்காரர்களிடம் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். நம்பாத ஒன்றை ஊருக்காகச் செய்ய அவனுக்கு மனசு வரவில்லை. எள்ளும் தண்ணீரும் அவன் கையில் திணித்துக் கொடுக்க வைத்தால் உங்களுக்கும் அதில் நிம்மதி இருக்காது. வீட்டுக்காரரின் தம்பியோ பங்காளிகளில் யாரோ செய்யட்டும், உங்கள் சாத்திரிகளிடம் கேட்டால் வழி சொல்வார். மகனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: 'நீ எதுவும் செய்யவேண்டாம், என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட நில்லு.' அன்றைக்குப் பாபநாசத்துப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது, நீங்கள் தனியாகப் போகவேண்டாம்.

தம்பி, இதை நீயும் படிப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவோடு போ. அப்பாவை நினைத்து நிற்பதற்குக் கடவுள் தேவையில்லை.

கேள்வி: கடைசியில் வரி கொடுக்கணுமா, வேண்டாமா?
– வள்ளியூர், சங்கரன்கோவில், திசையன்விளை வாசகர்கள்

கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஊர் கூடிப் போடுகிற கொடை வரிக்குச் சட்ட பலம் கிடையாது, விருப்பப்பட்டுக் கொடுப்பதுதான். கொடுக்காதவரோடு பேச்சு வார்த்தை வைக்கக்கூடாது, கல்யாணம் காட்சிக்குப் போகக்கூடாது என்று தள்ளி வைப்பது அநியாயம், அப்படி யாராவது மிரட்டினால் போலீசில் எழுதிக் கொடுங்கள். நாத்திகர்களுக்கும் ஒன்று: கொடை என்பது சாமியாட்டம் மட்டும் இல்லை. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் அந்த மூன்று நாளை நம்பித்தான் பிழைக்கின்றன, வெளியூர் போனவர்களும் அப்போதுதான் திரும்பி வருகிறார்கள். பூசைக்குத் தரமாட்டேன், கூத்துக் கலைஞர்கள் சம்பளத்துக்கோ சாப்பாட்டு அரிசிக்கோ தருகிறேன் என்று கமிட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நோட்டில் அதைத் தனியாக எழுதச் சொல்லி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.