ரோட்ஸ்: கொலோசஸ் சிலையின் பீடம் எங்கே?

கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில், மாந்த்ராகி துறைமுகத்தில், கொலோசஸ் என்ற பழங்கால மாபெரும் வெண்கலச் சிலையின் பீடத்தையாவது பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது, ஒரு துண்டு வெண்கலம்கூட இன்று இல்லை. துறைமுக வாயிலின் இரு பக்கமும் தூண்மேல் நிற்கும் மான் சிலைகள் ரொம்பப் பிற்காலத்தவை.

நீங்கள் தேடிக் குழம்பியதற்கு அநேகமாக அந்தப் பிரபலமான படம்தான் காரணம்: சிலை காலை அகட்டி நிற்க, நடுவே கப்பல் போகும். அது பிற்காலக் கற்பனை. சூரியக் கடவுள் ஹீலியோஸின் இந்தச் சிலை, சுமார் 33 மீட்டர், கி.மு. 280 வாக்கில் எழுந்து, கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. விழுந்து கிடந்த சிலையின் கட்டைவிரலையே சிலரால்தான் கட்டிப்பிடிக்க முடிந்தது என்று பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார், அப்படியானால் அது தரையில் கிடந்திருக்க வேண்டும், வாயிலின் குறுக்கே நின்றிருந்தால் கடலுக்குள் அல்லவா போயிருக்கும்?

நேரில் போனால் இதைச் செய்து பாருங்கள்: மூன்று காற்றாலைகள் இருக்கும் அலைதடுப்புச் சுவரில் கடைசிவரை நடந்து, புனித நிக்கோலஸ் கோட்டை முன் நின்று வாயிலின் அகலத்தைப் பாருங்கள். அவ்வளவு அகலத்துக்கு வெண்கலக் கால் எப்படித் தாங்கும் என்று உங்களுக்கே தோன்றும்.

ஆனால் அந்தக் கோட்டைதான் சிலை நின்ற இடம் என்று உறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நகருக்கு மேற்கே உள்ள அக்ரோபோலிஸ் குன்று என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.