வயதான அம்மா அப்பாவின் கால்களை வீட்டில் எப்படிக் கவனிப்பது? கேட்டால் "வலிக்கவே இல்லை" என்கிறார்களே!

வலிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். காலைத் தூக்கி மடியில் வைத்து நீங்களே பாருங்கள். என் பதில் இவ்வளவுதான், மற்றதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்ட கதை. நான் டாக்டர் இல்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பள்ளி பஸ் ஓட்டுகிறவன்.

இங்கே ரப்பர் மரத்தில் பால் எடுப்பதை மரம் வெட்டுவது என்போம். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு ஓடி, பனி ஈரத்தில் மேடு பள்ளம் ஏறி இறங்கி, பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் சுமந்த கால்கள் அவருடையவை. பாதி நாள் செருப்பே கிடையாது. உள்ளங்கால் மாட்டுத்தோல் மாதிரி இருக்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. "மரம் வெட்டி வெட்டி என் காலும் மரத்துப்போச்சு தம்பி, முள்ளு குத்தினாகூட தெரியாது" என்பார். நாங்களும் சிரிப்போம். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்து பதினைந்து வருஷமான ஒருவர் இப்படிச் சொன்னால் சிரிக்கக்கூடாது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு தீபாவளிக் காலையில் காலில் விழுந்து கும்பிட்டபோதுதான் பார்த்தேன். வலது கால் சுண்டுவிரல் பக்கம் மஞ்சள் கொஞ்சம் தடிப்பாகப் பூசியிருந்தது. பண்டிகைக்குப் பூசியது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் வாடை வந்தது. துடைத்துப் பார்த்தால் விரல் கருநீலம், அடியில் சீழ். வாசலில் கிடந்த சிலிப்பரைத் திருப்பிப் பார்த்தேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டை முள் ஒன்று அடியிலிருந்து ஏறி, முனை மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இப்போது முழுக்கச் செம்பனைதான். அந்த முள்ளின் மேலேயே எத்தனை நாள் நடந்தார் என்று அவருக்கே தெரியாது. "செருப்பு என்னமோ கோணலா இருக்குன்னு பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வலி.

சுண்டுவிரலை எடுத்தார்கள். புண் ஆற மூன்று மாதம் பிடித்தது.

அப்போது நர்ஸ் ஒருவர் விளக்கினார். இரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடுதலாக இருந்தால் உடம்பிலேயே நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும். நீளமானவை கால் விரல் வரை போகிறவை. அதனால் மரத்துப்போவது விரல் நுனியில் தொடங்கி, காலுறை மாட்டுவது போல மேலே ஏறும். கூடவே இரத்த ஓட்டமும் குறைந்தால் சின்னக் காயம்கூட ஆறாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 விழுக்காட்டுக்கு மேல். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அடுத்தடுத்த மூன்று வீட்டைத் தட்டினால் ஒரு வீட்டிலாவது அந்த மாத்திரை இருக்கும்.

மரத்துப்போயிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவர்கள் உண்டாக்கியது. பெரியவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நீங்கள் ஆள்காட்டி விரலால் அவருடைய கால் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஒன்றிரண்டு விநாடி, மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தக்கூடாது, தடவக்கூடாது, தெரியவில்லை என்றால் இரண்டாம் தடவை தொடவும் கூடாது. இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு இடம். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது, கிளினிக்கில் காட்டுங்கள். அரசாங்க கிளினிக்கில் நைலான் இழையால் தொட்டு அழுத்தியும், இசைக்கவையை விரலில் வைத்தும், நாடி பிடித்தும் முறையாகப் பார்ப்பார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வருஷம் ஒரு முறையாவது இந்தச் சோதனை தேவை. அவர்களாகக் கூப்பிடவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

அன்றாடம் நான் செய்வது இது. ராத்திரி நாடகம் ஓடும்போது அம்மா நாற்காலியில், நான் தரையில். பஸ்ஸில் டயர் பார்க்க வைத்திருக்கும் டார்ச்சை அடித்து உள்ளங்கால், குதிகால், முக்கியமாக விரல் இடுக்கு எல்லாம் பார்ப்பேன். தனியாக இருக்கும் பெரியவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் காலைக் காட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கண் மங்கலானவர்களுக்கு அது பயன்படாது, ஆள் வேண்டும்.

கழுவுவது சாதாரணத் தண்ணீரில். வெந்நீர் என்றால் உங்கள் முழங்கையை வைத்துப் பார்த்த பிறகு. உப்புப் போட்டு அரை மணி ஊறவைப்பதெல்லாம் வேண்டாம், தோல் ஊறிப் புண்ணாகும், மரத்த கால் வெந்துபோனாலும் தெரியாது. கழுவியதும் விரல் இடுக்கை ஒற்றித் துடைக்க வேண்டும். நம் ஊர் புழுக்கத்தில் சேற்றுப்புண் அங்கேதான் பிடிக்கும். குதிகால் வெடிப்புக்குக் கிளினிக்கில் தரும் கிரீமோ யூரியா கலந்த கிரீமோ நல்லது. தேங்காய் எண்ணெயையும் நான் தள்ளமாட்டேன், ஆனால் படுக்கப் போகும்போது மட்டும். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடந்தால் அடுத்து இடுப்பு எலும்புக்குத்தான் வைத்தியம். எதுவானாலும் விரல் இடுக்கில் பூசாதீர்கள்.

மஞ்சள் விஷயம். நான் மஞ்சளுக்கு எதிரி இல்லை. ஆனால் புண்ணின் மேல் அதை அப்பினால் சிவந்திருக்கிறதா கறுத்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அம்மாவின் விரல் போனதில் முள்ளுக்குப் பாதிப் பங்கு, மஞ்சளுக்குப் பாதிப் பங்கு என்பது என் கணக்கு.

நகம் குளித்த பிறகு மிருதுவாக இருக்கும், அப்போது நேராக வெட்டுங்கள். மூலையைத் தோண்டினால் நகம் சதைக்குள் வளரும். கல் மாதிரி தடித்த மஞ்சள் நகத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், பெரும்பாலும் அது காளான் தொற்று, கிளினிக்கில் காட்ட வேண்டியது. கால் ஆணியைப் பிளேடால் சீவுகிறவர்களை எல்லோரும் திட்டுவார்கள். நான் செய்தது அதைவிட நாகரிகமான தப்பு. கடையில் ஆணிப் பிளாஸ்டர் வாங்கி அம்மாவுக்கு ஒட்டினேன். அதில் இருப்பது ஒரு அமிலம், ஆணியையும் நல்ல தோலையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எடுத்துப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளையாக ஊறிப் புண்ணாகியிருந்தது.

செருப்புக்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. ஜப்பான் சிலிப்பர்தான், அந்த ரப்பர் வார் செருப்புதான் வேண்டும் என்பார் அம்மா. அது முள்ளையும் தடுக்காது, மரத்த காலிலிருந்து கழன்றாலும் தெரியாது. பின்பக்கம் வார் வைத்த, ஒட்டிக்கொள்ளும் பட்டை உள்ள, அடி கெட்டியான செருப்பு வாங்கினேன். சாயங்காலம் போய் வாங்குங்கள், அதற்குள் கால் வீங்கியிருக்கும். வயதானால் பாதம் அகன்றும் போகும், அதனால் பழைய அளவை நம்ப வேண்டாம். அட்டையில் நின்ற காலை வரைந்து வெட்டி எடுத்துப்போங்கள். அட்டை செருப்புக்குள் மடங்கினால் அந்தச் செருப்பு வேண்டாம். போடும் முன் ஒவ்வொரு தடவையும் உதறி, உள்ளே கையை விட்டுப் பார்ப்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். இனிப்பு நீர் இல்லாத பெரியவர்களுக்கும் இது தேவைதான். வயதில் உள்ளங்கால் கொழுப்பு மெலிந்துவிடும், தொளதொளச் செருப்பால் விழுகிறவர்கள் ஏராளம்.

வீட்டுக்குள்ளும் செருப்பு என்றதற்கு முறைத்தார். சாமி மேடை இருக்கும் வீட்டில் எப்படிப் போடுவது என்றார். நியாயம்தான். வீட்டுக்கு மட்டும் என்று புதிதாக ஒரு ஜோடி வாங்கி, சாமி மேடைக்கு முன்னால் மட்டும் கழற்றலாம் என்று உடன்பாடு. கோயிலுக்குக் காலையிலோ பொழுது சாய்ந்தோ போகிறோம். மத்தியானச் சிமெண்டுத் தரை மரத்த காலைக் கொப்புளமாக்கிவிடும். வெள்ளை நிறத்தில் தடித்த காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கும். வெள்ளை ஏனென்றால் இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். தீமிதியைப் பற்றிப் பேச்சே எடுக்க விடுவதில்லை. வெள்ளம் வந்தாலும் வெறுங்காலோடு இறங்க விடுவதில்லை, வெடிப்பு வழியாக எலிக் காய்ச்சல் ஏறும்.

கிளினிக்கில் வரிசையில் உட்கார அலுத்துக்கொண்டு தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு: கறுத்த விரல், வாடை, சீழ், காலில் ஏறும் சிவப்பு, புண்ணோடு காய்ச்சல். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்து வலியே இல்லை என்றால் அதுவும் அன்றைக்கே போக வேண்டியதுதான், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். நடந்தால் கெண்டைச் சதை வலித்து, நின்றால் விட்டுப்போவது இரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறி. அது அப்பாவுக்கு இருந்தது, சிகரெட் உபயம்.

விரல் சோதனையை மாதம் ஒரு தடவை அம்மாவுக்குச் செய்கிறேன். எல்லோருக்கும் ஆறு இடம், எங்களுக்கு ஐந்து. போன வாரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "கட்டை விரல்" என்றார், கிளாஸில் முதல் மாணவி மாதிரி. நான் இன்னும் தொடவே இல்லை.