தங்க ரிப்பன் எதற்கு?

கேள்வி: செப்டம்பர் வந்தால் சேலையில் தங்க நிற ரிப்பன் குத்திக்கொள்கிறீர்களே, அதனால் ஒரு குழந்தைக்காவது பயன் உண்டா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: செப்டம்பர், குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம்; தங்க ரிப்பன் அதன் அடையாளம். பயன் ரிப்பனால் இல்லை, "இது என்ன?" என்று யாராவது கேட்பதால் உண்டு. கேட்டவர்களிடம் என் மகளின் பிறந்தநாள் போட்டோவைக் காட்டுவேன். ஃபிளாஷ் பட்டு ஒரு கண்மணி சிவப்பாக இருக்கும். மற்றது பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னும். அந்த வெள்ளைக்குக் காரணம் ரெட்டினோபிளாஸ்டோமா, விழித்திரையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். சீக்கிரம் பிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல சமயம் பார்வையையும். மாறுகண்ணும் ஓர் அறிகுறிதான். அதை அதிர்ஷ்டம் என்று சொல்லும் பாட்டிகளோடுதான் எனக்கு ஓயாத சண்டை! வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புற்றுநோய் இல்லை, சரி. பிறவிக் கண்புரையாகவும் இருக்கலாம். அதற்கும் உடனே கண் டாக்டரிடம்தான் போகவேண்டும். போனால், சொட்டு மருந்து விட்டு விழித்திரை வரை பார்க்கச் சொல்லுங்கள்.