வேலையை விட்டுவிட்டு எழுதலாமா?

பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். சஞ்சிகைகளில் நாலைந்து சிறுகதைகள் வந்திருக்கின்றன. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத ஆசை. "எழுத்து சோறு போடுமோ?" என்று வீட்டில் ஏசுகிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகி, கோண்டாவில்

வேலையை விடாதீர்கள் தங்கச்சி. உங்கள் எழுத்து நல்லாயிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இங்கே கதைக்குச் சன்மானம் தருகிற சஞ்சிகைகள் மிகக் குறைவு, தந்தாலும் பஸ் காசுக்குக் காணும், அவ்வளவுதான். சம்பளம் நின்றால் கொஞ்ச நாளில் கலியாண வாழ்த்துமடலும் 31ஆம் நாள் நினைவு மலரும் எழுதித்தான் சீவியம் போகும். நினைவு மலரை மனதோடு எழுதிக் கொடுக்கிறவர்கள் மேல் எனக்கு நல்ல மரியாதை உண்டு, ஆனால் நீங்கள் ஆசைப்படுவது கதை எழுத அல்லவா?

எங்கள் மண்ணில் நின்றுபிடித்தவர்களைப் பாருங்கள். எழுத்தாளர் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் வைத்திருந்தவர். 1966இல் மல்லிகை என்ற சஞ்சிகையைத் தொடங்கி, இதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்து விற்று, 400 இதழ்களுக்கு மேல் கொண்டுவந்தார். அளவெட்டியில் பிறந்த மகாகவி உருத்திரமூர்த்தி உங்களைப் போல அரச உத்தியோகத்தர்தான். 1971இல், 44 வயதிலேயே காலமாகிவிட்டார், ஆனாலும் அந்த உத்தியோகத்துக்கு நடுவில் அவர் எழுதி வைத்த கவிதைகளை இன்றைக்கும் வாசிக்கிறோம்.

உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற சனத்தை நினைத்துப் பாருங்கள். காணி உறுதி தொலைந்தவர், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழைத்துப்போனவர், ஒரு கையெழுத்துக்காகப் பின்னேரம் வரை வாங்கிலில் இருக்கிற அம்மா. முழுநேர எழுத்தாளருக்கு இந்தச் சனம் எங்கே கிடைக்கும்? ஒன்று மட்டும் கவனம், கோப்பில் இருப்பதை அப்படியே கதையில் வைக்கக்கூடாது. ஊர் சின்னது, யாருடைய கதை என்று மூன்று ஒழுங்கைக்குத் தெரிந்துவிடும், அந்தச் சனம் அரசாங்கத்தை நம்பிச் சொன்னது அது.

வீட்டில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது விடிய ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தில் பாணுக்குச் சம்பல் வேறு ஆராவது இடிக்கட்டும், போன் அடுத்த அறையில் கிடக்கட்டும். பெண்கள் எழுதாமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை, இந்த ஒரு மணித்தியாலத்தை ஒருவரும் விட்டுக்கொடுக்காததுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்புறம், எழுதியதை வாசித்து "இது சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். பாராட்டுகிறவர்கள் தானாகவே வருவார்கள்.

முதல் கவிதைப் புத்தகம் போட வேண்டும். அச்சகத்தில் 300 பிரதியாவது அடிக்கச் சொல்கிறார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா?
வாசகர், அச்சுவேலி

வேண்டாம் தம்பி. வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குகிறவர்கள் என்வலப்பில் வைத்துத் தருவது உறவுக்கான காசு. அதே ஆட்கள் இரண்டாவது புத்தகத்துக்கும் அப்படித் தருவார்கள் என்று எதிர்பார்க்க ஏலாது. வாழ்த்துரை, நயப்புரை, ஏற்புரை எல்லாம் முடிந்து பொன்னாடையை மடித்து வைத்த பிறகு மிஞ்சுகிற பெட்டிகள் கட்டிலுக்குக் கீழே போகும், மாரி வந்தால் கறையான் ஏறும். வட்டி மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கும்.

முதலில் கவிதைகளைச் சஞ்சிகைகளுக்கு அனுப்புங்கள், அல்வாயிலிருந்து ஜீவநதி வருகிறதே. புத்தகம் போட்டே ஆக வேண்டும் என்றால் டிஜிட்டல் அச்சில் 50 பிரதி போதும், இன்னும் கேட்டால் இன்னும் அடிக்கலாம். அதில் ஒன்று கட்டாயம் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு, இன்னொன்று நூலகம் நிறுவனத்துக்கு, அவர்கள் 2005 முதல் எங்கள் நூல்களை மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள். 1981இல் அந்தப் பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்த ஊரில் எழுதுகிறவருக்கு இது கடமை.

என் கதையை ஒருவர் தன் பெயரில் முகநூலில் போட்டுவிட்டார். நான் பதிப்புரிமை பதியவில்லை. ஏதாவது செய்யலாமா?
வாசகி, மானிப்பாய்

செய்யலாம். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, எழுதியவுடனேயே அது உங்களுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 70 வருடமும் அந்த உரிமை இருக்கும். கதை வந்த இதழின் பக்கத்தைத் திகதியோடு படமெடுத்து, முதலில் அவருக்கே அனுப்பி எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் முகநூலில் முறைப்பாடு செய்யுங்கள். பின்னூட்டத்தில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள், அந்த நேரத்தில் அடுத்த கதையில் ஒரு பக்கம் எழுதிவிடலாம்.